உடைபொருள் பதிவேடு

தளி மேல்நிலைப் பள்ளியின்
வேதியியல் ஆய்வகத்திலிருந்து
மார்கழி பிறந்த அன்று
கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தேன்
ஒரு வெப்பமானியை.
திருட்டு இல்லை.
பொறுப்பு என் பெயரில்தான் இருக்கிறது.
ஆய்வக உதவியாளர், பத்தாண்டுப் பணி,
இதுவரை உடைத்தது ஒரே ஒரு பிப்பெட்.

குளியலறைச் சுவரை ஒட்டிய
நாலடிக்கு ஒன்பதடி செம்மண்ணில்
குச்சி நட்டு
சிவப்பு நூலில் தொங்கவிட்டேன்.

இரவுப்பணி முடிந்து
ஓசூர் கம்பெனி பஸ்ஸிலிருந்து
குல்லாவும் கொட்டாவியுமாக
மஞ்சுநாத் வந்து சேர்கையில்
டார்ச் அடித்துப் பாதரசம் படித்துக்கொண்டிருப்பேன்.
"எவ்வளவு?" என்பான்.
"பதினொன்று."
"காய்ச்சல் இல்லையே" என்று
போர்வைக்குள் போய்விடுவான்.

உதிரிபாகம் வந்த தெர்மாகோல் பெட்டியில்
தக்காளி இருபத்திரண்டு, கத்தரி ஒன்பது.
தை முழுக்க
வளரவும் இல்லை, சாகவும் இல்லை.
மூன்று இலையோடு,
வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு
ஆசிரியர் மறந்துபோன பிள்ளைகளாக
நின்றன.

பக்கத்து வீட்டு ஷாகிதா
பொங்கலுக்கு மறுவாரமே பீன்ஸ் ஊன்றினாள்.
"வெயில் வந்துடுச்சு டீச்சர்."
(நான் டீச்சர் இல்லை. திருத்தியதும் இல்லை.)
வெயில் வந்திருந்தது உண்மை.
மண்ணுக்குள் வரவில்லை.
விதை ஊறி, உப்பி, அழுகியது.
மறுபடி ஊன்றினாள்.
மறுபடி அழுகியது.
ரெக்கார்டு நோட்டைச் சுவர்மேல் விரித்து
என் பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்றைக் காட்டினேன்.
கவனமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இதுக்கு யார் மார்க் போடுவாங்க?"

மாசி.
பதின்மூன்று. பதினான்கு.
என் கணக்குப்படி பதினாறில் நடலாம்.
அது யார் போட்ட கணக்கு என்று கேட்டால்
நானும் யோசிக்க வேண்டும்.

பதினைந்தில்
செய்முறைத் தேர்வை அறிவித்தார்கள்.
வெளிப்பள்ளியிலிருந்து ஆள் வருவார்,
மேசையில் பன்னிரண்டு வெப்பமானி இருக்க வேண்டும்.
எண்ணிப் பார்த்தேன்:
பதினொன்று.

துடைத்துக் கொண்டுபோய் வைத்தேன்.
நூலை அவிழ்க்க மறந்துவிட்டேன்.

அன்று மாலை வெறும் குச்சி நின்றது.
செருப்பைக் கழற்றிவிட்டுப்
பாத்தியில் இறங்கினேன்.
இரண்டு மாதம் சாக்ஸில் கிடந்த கால்;
எதைக் கேட்டாலும் விழித்தது.
குழாய்த் தண்ணீரைத் தொட்டேன்.
பரவாயில்லை போலவும் இருந்தது,
என் ஆசை போலவும் இருந்தது.
உள்ளே போய் விளக்கைப் போட்டால்,
கார்த்திகையிலிருந்து வெள்ளைக் கல்லாக இருந்த
தேங்காய் எண்ணெய் பாட்டிலில்
ஓரமாய் ஒரு கோடு
உருகியிருந்தது.

நட்டேன்.
இருபத்திரண்டும் ஒன்பதும்.
சுவருக்கு அந்தப் பக்கம்
மூன்றாம் தடவையாகக்
களைக்கொத்து மண்ணில் இறங்கும் சத்தம்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தேர்வின் நாலாம் நாள்
ஒரு பையன், பெயர் வேண்டாம், பாஸாகிவிட்டான்,
வெந்நீர் பீக்கரிலிருந்து எடுக்கும்போது நழுவவிட்டான்.
கண்ணாடித் தூளில் சிவப்பு நூல் கிடந்தது.
உருண்டு மேசைக்கடியில் ஓடிய மணிகளை
மண்டியிட்டுக் காகிதத்தில் ஏந்தினேன்.
எல்லா விடிகாலையும் அதற்குள் இருந்தன,
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
பதிவேட்டில் எழுதினேன்:
வெப்பமானி, ஒன்று.
காரணம்: சூடு.
பிறகு அடித்துவிட்டு,
கை தவறியது.

இப்போது சித்திரை.
இரண்டு கோடை மழை பெய்து
காற்று பிழியாத துணியாகத் தொங்குகிறது.
புழுக்கத்தை அளக்க
எங்கள் ஆய்வகத்தில் எதுவும் இல்லை.
தக்காளி என் இடுப்பு வரை.
கத்தரியில் ஏழு பிழைத்தது.
ஷாகிதாவின் பீன்ஸ் சுவர் ஏறி
என் பக்கம் இறங்கிவிட்டது,
இலையெல்லாம் வெள்ளையாய் மாவுப் பூசணம்.
அவள் கொடி, என் சுவர்,
நோய் யாருடையது என்ற பேச்சு
நேற்றோடு முடிந்தது:
மோர் அவள் வீட்டிலிருந்து,
தெளிப்பது நான்.

விடிகிறது.
சட்டை முதுகோடு ஒட்டியபடி வரும் மஞ்சுநாத்
பழக்கத்தில் "எவ்வளவு?" என்கிறான்.
மூன்று நாள் புளித்த சொம்பை
"கொஞ்சம் பிடி" என்று நீட்டிவிட்டு
தண்ணீர் எடுக்கத் திரும்புகிறேன்.

குடித்துவிட்டான்.